செல்விக்கு என்ன விலை

அன்புள்ள கயல்,

மூன்று மாதத்திற்குப் பிறகு வந்த உன் செய்தியில் இரண்டே வரிகள் இருந்தன. செல்வியை, அந்தக் கார்ன் ஸ்நேக் பாம்பை, கூண்டோடு 60 டாலருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கொடுக்காதே.

அவளுடைய வெள்ளை நிறத்துக்கு, ஸ்னோ நிறத்துக்கு, இன்று பெரிய விலை இல்லை என்பதை நானும் அறிவேன். அதில் ஒரு பாதியான, கருநிறமி இல்லாத அமெல் என்னும் நிறமே 1953-இல் நம் வட கரோலினாவில் பிடிபட்ட ஒரு கார்ன் ஸ்நேக்கிலிருந்து வந்தது. அமெல், சிவப்பு நிறமி இல்லாத அனெரி இரண்டையும் மறைவாகச் சுமக்கும் ஜோடிக்குச் சராசரியாகப் பதினாறு குஞ்சுக்கு ஒன்றுதான் ஸ்னோவாகப் பொரியும் என்று நீ பத்தாம் வகுப்பில் சாப்பாட்டு மேசையில் கட்டம் போட்டுக் காட்டியது நினைவிருக்கிறது. ஆனால் ஸ்னோவையும் ஸ்னோவையும் சேர்த்தால் அத்தனை குஞ்சும் ஸ்னோ; அப்புறம் எப்படி விலை நிற்கும்? பல்மெட்டோ என்னும் நிறமும் வந்த புதிதில் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றுவிட்டு, பலர் கையில் பெருகியதும் இறங்கவில்லையா? ஆகவே நிறத்துக்கு விலை சொல்லாதே, வளர்ப்புக்குச் சொல்.

குஞ்சு வாங்குகிறவர் பாதி நம்பிக்கையைத்தான் வாங்குகிறார். அது பிங்கி என்னும் பிறந்த எலிக்குஞ்சைத் தொடுமா, வளர்ந்தபின் நிறம் எப்படி மாறும் என்பதெல்லாம் பிறகுதான் தெரியும். செல்வியோ ஏழு வயதுப் பெண், நாலரை அடி. கழுத்தில் அந்த வெளிர் மஞ்சள் நன்றாகப் படிந்துவிட்டது. உறைந்த எலியை வெந்நீரில் உருக்கி வைத்தால் மறுப்பதில்லை. நீ எடுத்துப்போகும் வரை நான் எழுதிய நோட்டில் ஒவ்வொரு தீனிக்கும் தேதியும் எடையும் இருக்கின்றன. ஒரே ஒரு முறை கக்கியிருக்கிறாள். அன்று தெர்மோஸ்டாட் கெட்டிருந்தது என்று பக்கத்திலேயே அப்பாவின் கையெழுத்தில் இருக்கிறது. அந்த நோட்டை எவர் படித்தாலும், கூண்டு இல்லாமலே 150 தரலாம் என்பது என் கணக்கு. இந்த வயதில் இனப்பெருக்கத்துக்கென்று வாங்குபவர் சற்றுக் குறைப்பார், அதை ஒப்புக்கொள். தாய் தகப்பன் விவரம் கையில் இல்லாமல் ஹெட் மோட்லி, அதாவது மோட்லி என்னும் உடல்கோலத்தை மறைவாகச் சுமப்பவள், என்று மட்டும் எழுதிவிடாதே. கண்ணுக்குத் தெரியாத குணத்துக்குக் காசு கேட்பது நம் வீட்டுப் பழக்கமில்லை.

என்னை உறுத்துவது அந்தக் கூண்டுதான். பாம்பை விற்பவர்கள் பலர் உண்டு. தெர்மோஸ்டாட்டும் மரப்பொந்தும் தண்ணீர்க் கிண்ணமும் சேர்த்து, பாம்பின் விலையைவிடக் கூடுதலாகச் செலவான சாமான்களை எல்லாம் ஒரே தொகையில் தள்ளிவிடுபவருக்கு வேறு அவசரம் ஏதோ இருக்கிறது என்பதை வாங்க வருபவர் வாசலிலேயே கண்டுகொள்வார். நான் ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். அறுபதுக்கு மட்டும் கொடுக்காதே.

அவசரத்தில் சொல்லும் விலை எனக்குத் தெரியும், கயல். நீ கல்லூரிக்குப் போன வருடம், செல்விக்கு முன் இருந்த பாம்பு முத்து மூடியைத் தள்ளிக்கொண்டு தப்பிவிட்டான் என்று உன்னிடம் சொன்னேன். அவன் தப்பவில்லை. மதுரையிலிருந்து பெரியத்தை குடும்பம் வரப்போகிறது, ஃப்ரீசரைத் திறந்தால் தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்தில் எலி இருக்கிறது என்ற வெட்கத்தில், முதலில் கேட்டு வந்த பையனிடம் தொட்டியோடு 20 டாலருக்குக் கொடுத்தேன். அவன் பேரம்கூடப் பேசவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு நோட்டுகளை எண்ணினான். அப்பா ஃபிரிட்ஜை நகர்த்தி, டார்ச் அடித்துத் தேடியது நடிப்பில்லை. அவருக்கு இன்றுவரை தெரியாது. நீ தொலைபேசியில் அழுது முடித்த மூன்றாம் வாரம் ஊர்வனக் கண்காட்சிக்குப் போய், விரல் தடிமன்கூட இல்லாத செல்வியைச் சொன்ன விலைக்கே வாங்கினேன். அது உன் பிறந்தநாளுக்காக அல்ல.

நோட்டைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள். அவளையும் கொண்டுவருவதானால் கொண்டுவா, கூண்டோடு. உன் அறையில் பழைய மேசை அப்படியே இருக்கிறது. ஃப்ரீசரில் கீழ்த்தட்டைக் காலி செய்துவிட்டேன்.

அம்மா