உள்ளே இருக்கும் சிறுமிக்கு ஆங்கிலம் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 10, உலக மனநல நாளை ஒட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை ஆகியவற்றோடு போராடுவோர் படிக்கத்தக்க தமிழ் நூல்களை அதில் அறிமுகப்படுத்தியிருந்தது நல்ல பணி. ஆனால் நான் தேடிய நோயின் பெயர் அங்கே இல்லை. அதற்காகத் தங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஏழாண்டுகளாகத் தேடியும், அந்த நோயோடு வாழ்பவர் கையில் நம்பிக் கொடுக்கத்தக்க ஒரு தமிழ் நூல் எனக்கும் கிடைக்கவில்லை.

எனக்கு வயது 44. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருக்கிறேன். எனக்கு இருப்பது டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர் என்று மருத்துவர் உறுதிசெய்து ஏழாண்டுகள் ஆகின்றன. தமிழில் விலகல் அடையாளக் கோளாறு என்று எழுதுகிறார்கள். தாங்க முடியாத கொடுமைக்குத் திரும்பத் திரும்ப ஆளாகும் குழந்தை, ஓடவும் வழியின்றி, சொல்லவும் ஆளின்றி, நடப்பது தனக்கு நடக்கவில்லை என்று மனத்துக்குள் விலகி நின்று உயிர் தப்பப் பார்க்கிறது. அவ்வாறு விலகியவை பின்னர் ஒன்றுகூடாமல், தனித்தனி நினைவும் அச்சமும் குரலும் கொண்டவையாகவே நிலைத்துவிடுகின்றன என்பது வல்லுநர் பலரும் தரும் விளக்கம். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பன்முக ஆளுமைக் கோளாறு என்று இடம்பெற்ற இந்நோய், 1994இல் இன்றைய பெயரைப் பெற்றது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பதினோராவது நோய் வகைப்பாட்டிலும் இதற்குத் தனி இடம் உண்டு.

சரியான பெயர் கிடைப்பதற்கு முன் ஒன்பதாண்டுகள் வெவ்வேறு பெயர்களில் வைத்தியம் நடந்தது. பேய் என்றார்கள்; வலிப்பு என்றார்கள்; ஓர் இடத்தில் மனச்சிதைவு என்று எழுதிக் கொடுத்தார்கள். மனச்சிதைவு என்பது ஸ்கிசோஃப்ரினியா. அது முற்றிலும் வேறு நோய். ‘சிதைவு’ என்ற சொல்லைப் பார்த்ததும் ஆள் பல துண்டாகிப்போனதாக எண்ணி, இரண்டையும் ஒன்றாகவே எழுதும் வழக்கம் நம் பத்திரிகைகளில் இன்னும் இருக்கிறது. இதை ஒரு தமிழாசிரியையின் முறையீடாகவும் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

நோயின் பெயர் தெரிந்ததும் நான் முதலில் செய்தது புத்தகம் தேடியதுதான். இந்தக் கோளாற்றைத் தீர்ப்பதற்கென்று தனி மாத்திரை கிடையாது. உடன் வரும் மனச்சோர்வுக்கும் உறக்கமின்மைக்கும் மாத்திரை தருவார்கள், அடிப்படைச் சிகிச்சை பேச்சுவழியில், ஆண்டுக்கணக்கில் நடக்கும். வாரத்தில் உள்ள 168 மணி நேரத்தில் சிகிச்சையாளரோடு எனக்கு வாய்ப்பது ஒரு மணி நேரம். மீதி நேரத்தைக் கடத்தத்தான் எனக்கு ஒரு நல்ல புத்தகம் வேண்டியிருந்தது.

எளிதில் கைக்கு அகப்பட்டவையோ வேறு வகையைச் சேர்ந்தவை. 1957இல் ‘த த்ரீ ஃபேசஸ் ஆஃப் ஈவ்’, 1973இல் ‘சிபில்’ என அமெரிக்காவில் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்ட நோயாளிக் கதைகளே இத்துறையில் பலரும் அறிந்த நூல்கள். இவற்றுள் பின்னது எவ்வளவு தூரம் உண்மை என்ற கேள்வி பிற்காலத்தில் வலுவாகவே எழுந்தது. முன்னதில் வரும் பெண்மணி கிறிஸ் காஸ்ட்னர் சைஸ்மோர், தமக்குள் இருந்தவை மூன்று அல்ல, இருபதுக்கும் மேல் என்றும், அந்த நூலோடு தம் நோய் தீர்ந்துவிடவில்லை என்றும் 1977இல் வெளிவந்த தம் சொந்த நூலில் எழுதினார். மருத்துவர்கள் எழுதி முடித்த கதையைத் திருத்த அவருக்கு இருபதாண்டுகள் தேவைப்பட்டன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

இத்தகைய நூல் ஒன்றை ஒரு சனிக்கிழமை மாலை, வீட்டில் தனியாக இருந்தபோது எடுத்துப் பிரித்தேன். குழந்தைக்கு நேர்ந்த கொடுமை எந்த எச்சரிக்கையும் இன்றி, விலாவாரியாக எழுதப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவியர் வரிசைக்குப் பின்னால் நான் நின்றதுதான். இடைப்பட்ட ஞாயிற்றுக்கிழமை என்னிடம் இல்லை. கதைகளைப் படிப்பதாலும் சிகிச்சையாளரின் தூண்டுதலாலும்கூட இந்நோயின் அறிகுறிகள் உருவாகக்கூடும் என்று வாதிடும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். என் அனுபவம் அந்த வாதத்தோடு ஒத்துப்போகவில்லை; எனினும், பரபரப்புக்காக எழுதப்பட்டவற்றை நோயாளியின் கையில் கொடுக்கக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

எனக்கு உதவிய நூலைப் பின்னர் என் சிகிச்சையாளர்தான் சொன்னார். சூசெட் பூன், காத்தி ஸ்டீல், ஓனோ வான் டெர் ஹார்ட் ஆகிய மூவரும் எழுதி 2011இல் வெளிவந்த ‘கோப்பிங் வித் ட்ராமா ரிலேட்டட் டிசோசியேஷன்’ என்ற ஆங்கிலப் பயிற்சி நூல் அது. பழைய கொடுமைகளைத் தோண்டியெடுக்கச் சொல்லாத நூல். இந்த நிமிடத்தில் காலூன்றி நிற்பது எப்படி, உறக்கத்தைச் சீர்செய்வது எப்படி, நாளை ஒழுங்குபடுத்திக்கொள்வது எப்படி, உள்ளிருந்து வரும் கோபத்தையும் வெட்கத்தையும் எதிர்கொள்வது எப்படி என்று மெல்ல மெல்ல, வீட்டுப்பாடங்களோடு நகர்கிறது. அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய ‘ட்ராமா அண்ட் ரெகவரி’ மீட்சியின் முதற்படியாகப் பாதுகாப்பையே வைக்கிறது. நினைவுகூர்ந்து துக்கிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த வரிசையின் அருமை, வரிசை தவறிப் படித்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்த எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. அந்த ஆங்கில நூலைப் பகலில் படித்தேன், அடிக்கோடிட்டேன், புரிந்துகொண்டேன். இரவில் மட்டும் ஒரு பயனும் இல்லை. ஏனென்றால், இரவில் அஞ்சி நடுங்குகிறவள் எனக்குள் இருக்கும் ஏழு வயதுச் சிறுமி. நான் ஆங்கிலம் கற்றது அதற்குப் பிறகு. அவளுக்கு அந்த மொழி தெரியாது. பட்டம் பெற்றவள் படித்து முடித்த நூல், யாருக்காகப் படிக்கப்பட்டதோ அவளிடம் போய்ச் சேரவே இல்லை.

ஆகவே, கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, நாளுக்கு ஒரு பத்தியாக எனக்காகவே தமிழில் எழுதத் தொடங்கினேன். சொற்களுக்குத் திண்டாடினேன். உள்ளிருப்பவர்களை நூல் ‘பார்ட்ஸ்’ என்கிறது. பகுதி என்றும் கூறு என்றும் எழுதிப் பார்த்து, கடைசியில் ‘உள்வீட்டார்’ என்று வைத்துக்கொண்டேன். ‘கிரவுண்டிங்’ என்பதற்குக் ‘காலூன்றல்’ பொருந்தியது. பழைய அச்சத்தைத் திடீரென எழுப்பிவிடுவதைக் குறிக்கும் ‘ட்ரிகர்’ என்பதற்குக் ‘கிளறி’ என்று எழுதியிருக்கிறேன்; அதில் எனக்கு இன்னும் நிறைவில்லை. தண்ணீர் நிரம்பிய பித்தளைச் செம்பைக் கையில் பிடித்து அதன் குளிர்ச்சியைச் சொல், கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல், இன்றைய தேதியைச் சொல் என்று நம் வீட்டுக்கு ஏற்றபடி பயிற்சிகளை எழுதி, உறங்குவதற்கு முன் வாய்விட்டு வாசித்தேன். நான்காம் நாள் காலையில் நோட்டைத் திறந்தபோது, என் கையெழுத்துக்குக் கீழே, பென்சிலால், பெரிய பெரிய எழுத்தில், ‘அக்கா நாலைக்கும் வாசி’ என்று இருந்தது. நாள்தோறும் நூறு நோட்டுகளில் லகர ளகரப் பிழை திருத்துகிறவள் நான். அதைத் திருத்தவில்லை.

மூன்று வேண்டுகோள்கள் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளி தன் நோயையும் சிகிச்சைத் திட்டத்தையும் பற்றிய விவரங்களைத் தனக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும் பெறும் உரிமையை அளிக்கிறது. அந்த உரிமை நடைமுறையில் பயன்பட, அரசு மனநலப் பிரிவுகளில் இந்நோய் குறித்து எட்டுப் பக்க அளவிலாவது ஒரு தமிழ்க் கையேடு வேண்டும். உயர்கல்வி நூல்களைத் தமிழில் கொண்டுவரும் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம், உரிய உரிமை பெற்று மேற்சொன்ன பயிற்சி நூலை மொழிபெயர்த்து வெளியிட வேண்டும். அப்படி வரும்போது மருத்துவர் ஒருவரும், குழந்தைகளுக்கு எழுதத் தெரிந்தவர் ஒருவரும் சேர்ந்து அதைச் செய்ய வேண்டும். படிக்கப்போகிறவர்களில் ஏழு வயதுக்காரர்களும் உண்டு.

மூன்றாவது, தங்களிடம். இந்நோயைப் பற்றி எழுதும்போது கொலைகாரனையும் பேயையும் விட்டுவிட்டு, மனநல மருத்துவர் ஒருவரைக் கொண்டு நிதானமான கட்டுரை ஒன்றை வெளியிடுங்கள். கட்டுரையின் இறுதியில் 14416 என்ற டெலி மனஸ் உதவி எண்ணைத் தாருங்கள். அதில் தமிழிலும் பேசலாம். இதைப் படிக்க நேரும் என் போன்றோர்க்கு ஒன்று: எந்த நூலானாலும் பகலில், ஒருவர் வீட்டில் இருக்கும்போது, ஒரு பக்கம் படித்தால் போதும். பக்கத்தின் ஓரத்தில் அன்றைய தேதியை எழுதிவிடுங்கள். அடுத்து அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது, எத்தனை நாள் கடந்தது என்பது உங்களுக்குத் தெரியவரும்.

என் நோட்டில் இதுவரை 62 பக்கங்கள் நிறைந்துள்ளன. மொழிபெயர்ப்புப் பணியை யாரேனும் மேற்கொள்வதாக இருந்தால், பென்சில் எழுத்துள்ள பக்கங்கள் நீங்கலாக மற்றவற்றை நகலெடுத்துத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கிறேன். பள்ளியில் என்னை அறிந்தவர்கள் இருப்பதால், கடிதத்தை வெளியிடும்போது பெயரை மட்டும் தவிர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருவர்,
திருச்சி மாவட்டம்.