பசுந்தழை அலங்காரம்: முதல் வேலை வாளியில்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் நாளிதழ்களின் இணைப்புப் பக்கங்களில் பசுந்தழை வளையங்களின் படங்கள் வந்துவிடுகின்றன. படம் அழகாகத்தான் இருக்கிறது. தழையை வெட்டு, வளையத்தில் கட்டு, ரிப்பன் சூட்டு என்று செய்முறையும் மூன்றே வரியில் முடிந்துவிடுகிறது. அதை நம்பிக் கட்டியவர்களின் வளையம் நாலைந்து நாளில் சுருண்டு வாசலில் குப்பை கொட்டுகிறது. தங்களுக்குக் கைவரவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். விடுபட்டது என்னவோ ஒரு வாளித் தண்ணீரும் ஓர் இரவும்தான்.

கிளையை வெட்டிய பிறகும் இலை நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். வெட்டுவாயில் காற்று புகுந்து நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுவதால், பிறகு தண்ணீரில் வைத்தாலும் சரியாக ஏறாது. அதனால் கொண்டுவந்ததும் காம்பின் அடியில் 2 அல்லது 3 செ.மீ. மறுபடியும் நறுக்கி, உடனே வாளித் தண்ணீரில் நிறுத்த வேண்டும். கத்தரி கூர்மையாக இருக்கட்டும். சாய்த்து வெட்டச் சொல்வது, காம்பின் வாய் வாளியின் அடியில் அப்பி அடைபடாமல் இருக்கத்தான். மரக்காம்பைச் சுத்தியலால் நசுக்கச் சொல்லும் பழைய யோசனையைக் கைவிடலாம். நசுங்கிய குழாயில் நீர் ஏறாது, அழுகல்தான் ஏறும். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை உருவிவிட்டு, வெயிலும் காற்றும் படாத இடத்தில் 12 மணி நேரம் வையுங்கள். தோல் போன்ற தடித்த இலைகளை ஓரிரு மணி நேரம் முழுதாகவே அமிழ்த்தி எடுக்கலாம். சாம்பல் நிறத்தில் பூனைமயிர் படர்ந்த இலைகளை அமிழ்த்தக் கூடாது, நிறம் கெட்டுவிடும்.

வெட்டும் நேரமும் முக்கியம். விடியற்காலையில் இலை நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும். நடுப்பகலில் வெட்டியது பாதி வாடியே வருகிறது. பளபளப்பைப் பார்த்து இளந்தளிரை எடுக்காதீர்கள். அதன் தண்டு இன்னும் முற்றாததால் முதலில் தலை சாய்வது அதுதான். முற்றிய கிளையே வேண்டும்.

எந்தத் தழை? ஊசி போன்ற அல்லது செதில் போன்ற இலையுள்ள ஃபிர், பைன், துயா, ஜூனிப்பர் ஆகிய மரவகைகள் நன்றாகத் தாங்கும். அதே இனத்து ஸ்ப்ரூஸ் வீட்டுக்குள் சீக்கிரம் ஊசியை உதிர்த்துவிடும். சவுக்கில் ஊசியிலை போலத் தெரிவது இலையே அல்ல, கணுக்கணுவான மெல்லிய கிளை. கணுக்களில் பல் போல ஒட்டியிருக்கும் செதில்தான் இலை. காய்ந்ததும் கணுவுக்குக் கணு ஒடிந்து உதிர்வதால் சவுக்கை வளையத்தின் பின்பக்கம் நிரப்புத் தழையாக வைத்து, முகப்பில் தடித்த இலையைக் கட்டுவது நல்லது. யூகலிப்டஸ் காயும்போதும் உருக்குலைவதில்லை. ஆல், ரப்பர் செடி போன்ற பால் வடியும் கிளைகளின் வெட்டுவாயைச் சில நொடி தீயில் காட்டினால் பால் நிற்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு; அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இனி வளையம். 30 செ.மீ. விட்டமுள்ள கம்பி வளையத்தின் சுற்றளவு ஏறக்குறைய 94 செ.மீ. ஐந்தாறு செ.மீ.க்கு ஓர் இடம் என்று வைத்தால் 16 முதல் 18 இடம் வரும். ஒவ்வோர் இடத்திலும் வெளிப்பக்கம் சாய்ந்த கொத்து ஒன்று, உட்பக்கம் சாய்ந்த கொத்து ஒன்று. கொத்துக்கு 12 முதல் 15 செ.மீ. நீளமுள்ள துணுக்குகள் மூன்று அல்லது நான்கு. கூட்டிப் பார்த்தால் குறைந்தது நூறு துணுக்காவது தேவை. இருபது முப்பது துணுக்கோடு உட்கார்ந்தால் பாதி வளையத்தில் தழை தீரும். மீதியை இழுத்துப் பரப்பினால் கம்பி பல்லைக் காட்டும். எனவே எல்லாக் கொத்துகளையும் முதலில் செய்து அடுக்கிவிட்டுத்தான் கம்பியைக் கையில் எடுக்க வேண்டும். கட்டி முடித்த வளையம் 45, 50 செ.மீ. வரை விரியும் என்பதால் மாட்டும் இடத்தையும் முன்பே அளந்துகொள்ளுங்கள்.

கட்டுக்கம்பி 0.6 மி.மீ. அளவில், பச்சைப் பூச்சு உள்ளதாக இருந்தால் வெளியே தெரியாது. அதைத் துண்டு துண்டாக வெட்டாமல், உருளையோடு சேர்த்தே சுற்றிக்கொண்டு போக வேண்டும். முதல் கொத்தை வைத்து அதன் காம்பில் இரண்டு சுற்று இறுக்குங்கள். அடுத்த கொத்தின் நுனி, முந்தைய கொத்தின் காம்பையும் கம்பிச் சுற்றையும் மறைக்கும்படி மேலேற வேண்டும். எல்லா நுனிகளும் ஒரே திசை பார்க்கட்டும். கடைசிக் கொத்தின் காம்பை, முதல் கொத்தின் நுனிகளைத் தூக்கிப் பிடித்து அதன் அடியில் செருகிக் கட்டினால் தொடக்கமும் முடிவும் தெரியாது. இங்கேதான் பலர் தவறி, அந்த ஓட்டையை மறைக்கப் பெரிய ரிப்பனைத் தேடுகிறார்கள். இன்னொன்று: தழை காயக் காயக் காம்பு மெலியும், இன்று இறுக்கமாகத் தெரிவது ஒரு வாரத்தில் தளரும். நூலும் நாரும் இதற்கு ஈடுகொடுக்காது. கம்பியைக் காம்பில் பதியும் அளவு இழுத்துக் கட்டுங்கள், காம்பு அறுந்துவிடாமல்.

வளையத்தின் மேல் முதலில் ஈரப் பாசியைச் சுற்றிக் கட்டிவிட்டால் தழைக்குக் கொஞ்சம் ஈரம் கிடைத்துக்கொண்டே இருக்கும். காம்புகளைச் செருகப் பூக்கடைகளில் விற்கும் பச்சை நுரைக்கட்டி வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அது மக்காத பிளாஸ்டிக். உதிரும் தூள் வடிகால் வழியே நீர்நிலைக்குப் போகிறது. அதைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்கள் கட்டியைத் தண்ணீரில் அமுக்காமல் மிதக்க விட வேண்டும், தானே உறிஞ்சி மூழ்கும். அமுக்கினால் நடுவில் காற்று சிக்கி, அங்கே செருகிய காம்பு நீரின்றிக் காயும். ஒரு கிண்ணத்தில் கோழிவலையைச் சுருட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றினாலே மேசை அலங்காரத்துக்குப் போதும். ஆண்டாண்டுக்கும் அதே வலை உதவும்.

தோரணத்துக்குக் கணக்குப் போடுவதைவிட, தொங்க வேண்டிய இடத்தில் வேண்டிய வளைவோடு ஒரு கயிற்றை மாட்டிப் பார்த்து, அதே கயிற்றில் கட்டுவது எளிது. இரு முனையிலும் தொடங்கி, நுனிகள் வெளிப்பக்கம் பார்க்க, நடுவை நோக்கிக் கட்டிவந்து, காம்புகள் சந்திக்கும் இடத்தை ஒரு கொத்தால் மூடுங்கள்.

மாட்டிய பிறகு தினமும் ஒரு முறை தெளிப்பானால் நனைக்கலாம். மின்விளக்குச் சரம் சுற்றியிருந்தால் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, வளையத்தையும் கழற்றி எடுத்துத்தான். பழுத்த ஆப்பிள், வாழைப்பழத்தைப் பக்கத்தில் வைத்தால் அவை விடும் எத்திலீன் வாயு இலையையும் சிறுகனியையும் உதிர்க்கும்.

சிவப்புக் கனிகளிலும் கவனம் வேண்டும். மேலைநாட்டுக் கிறிஸ்துமஸ் அலங்காரச் செடிகளான ஹோலி, மிசல்டோ ஆகியவற்றின் கனிகள் நஞ்சுள்ளவை. அரளி முழுச் செடியுமே நஞ்சு. அழகுக்காகக் குன்றிமணியைத் துளைத்துக் கோக்கவே கூடாது. கெட்டியான தோலுக்குள் இருக்கும் நஞ்சு, துளைத்தால் வெளிப்படும்; தூள் மூச்சில் போனாலும் ஊசி கையில் குத்தினாலும் ஆபத்து. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீட்டில் செயற்கை மணிகளையோ பைன் காய்களையோ வைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட ஆகமன காலத்துக்கான, மெழுகுவத்தி நடுவே நிற்கும் வளையம்தான் எல்லாவற்றிலும் கடினம். 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஜோஹன் ஹின்ரிச் விச்செர்ன் என்ற இறையியலாளர் தொடங்கிவைத்த இந்த வளையம் முதல் ஞாயிறு முதல் கிறிஸ்துமஸ் வரை 22 முதல் 28 நாள் தாங்கியாக வேண்டும். வெப்பமான அறையில் எந்தத் தழையும் பத்து நாளுக்கு மேல் நம்பத்தக்கதல்ல. பத்து நாளுக்கு ஒரு முறை தழையைக் கழற்றிப் புதிதாகக் கட்டுங்கள். கையால் தடவும்போது ஊசிகள் கொட்டினால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். பிசின் உள்ள காய்ந்த தழை பற்றினால் அணைக்க நேரம் இருக்காது. மெழுகுவத்தி உலோகக் குழியில் நிற்கட்டும், சுடருக்கும் தழைக்கும் உள்ள இடைவெளி 5 செ.மீ.க்குக் குறையும் முன்பே வத்தியை மாற்றிவிடுங்கள். ஆள் இல்லாத அறையில் எரிய விடாதீர்கள்.

ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வருகிறது. ஆகவே இத்தகைய செய்முறைப் பக்கத்தைத் தாங்கள் நவம்பர் மூன்றாம் வாரத்திலேயே வெளியிட்டால் உதவும். வாளியில் ஊறவைக்கும் படியை முதல் வரியில் போடுங்கள். படத்துக்கு இடம் குறைந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
பசுந்தழை அலங்காரம் கட்டுவோர் சிலர்