முதலில் எந்த இனத்தை எழுதுவது?

அன்பு மகளுக்கு,

நீ கேட்டது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளை பிறந்து பதிவு செய்யும்போது ‘இனம்’ என்ற இடத்தில் சீனர்-இந்தியர் என்று போடுவதா, இந்தியர்-சீனர் என்று போடுவதா என்று கேட்டாய். மாப்பிள்ளை உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார். சம்பந்தி அம்மா வாயே திறக்கவில்லை. நம் பக்கத்தில்தான் ஆளாளுக்குப் பேசுகிறார்கள். “தகப்பன் சீனன் என்றால் பிள்ளையும் சீனன்தானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது” என்று உன் அத்தை சொன்னது உனக்கு உறைத்துவிட்டது. உன் குரலிலேயே தெரிந்தது.

முதலில் காரியத்தைப் பார்ப்போம். உங்கள் சிங்கப்பூரில் பிள்ளைக்கு அப்பாவின் இனம் என்பதுதான் வெகு காலம் வழக்கமாக இருந்தது. இரண்டு இனத்தையும் நடுவில் கோடு போட்டு எழுதலாம் என்பது 2011 ஜனவரியில்தான் வந்தது. ஆனால் வீவக என்கிற வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டு ஒதுக்கீட்டுக்கு முதலில் எழுதியிருப்பதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு புளோக்கிலும் பேட்டையிலும் இன்ன இனத்தார் இவ்வளவு பேர்தான் இருக்கலாம் என்று 1989 முதல் வரம்பு இருக்கிறதே, அதற்காக. தாய்மொழிப் பாடத்துக்கு எது முக்கியம் என்பதைப் பள்ளியில் நேரே கேட்டுக்கொள்ளுங்கள், அடுத்தவர் சொல்வதை நம்ப வேண்டாம். வளர்ந்த பிறகு பிள்ளையே மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆக, எது முன்னால் எது பின்னால் என்பது அலுவலகக் கணக்கு. வீட்டுக்கு எது தோதுபடும் என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அத்தையைக் கேட்க வேண்டியதில்லை, என்னையும் கேட்க வேண்டியதில்லை.

அத்தை சொன்னதற்கு வருகிறேன். தகப்பன் வழிதான் இனம் என்பது ஏதோ ஆதியிலிருந்து இருக்கும் சட்டம் போலப் பேசுகிறார்கள். இத்தனை வருஷம் வரலாறு நடத்தியவள் என்பதால் இதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் வெள்ளைக்காரன் ஒன்றாக வைத்து ஆண்டபோது, 1891இல் ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. அதில் ‘தமிழர்களும் இந்தியாவின் பிற மக்களும்’ என்று ஒரு பிரிவு, ‘மலாய்க்காரர்களும் தீவுக்கூட்டத்தின் பிற மக்களும்’ என்று இன்னொரு பிரிவு. ஜாவாக்காரர், பூகிஸ்காரர், பாவியன் தீவுக்காரர் எல்லாரும் இரண்டாவதில். தமிழ் முஸ்லிம் தகப்பனுக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்து வந்த ஜாவி பெக்கான் வம்சத்தாரையும் அந்த மலாய்ப் பிரிவில்தான் சேர்த்தார்கள். தகப்பன் வழி அங்கே எங்கே போயிற்று? பிற்பாடு வந்த கணக்கெடுப்புகளில் நம் பிரிவு ‘இந்தியர்’ என்று ஆனது. பஞ்சாபி, மலையாளி, வங்காளி, யாழ்ப்பாணத்துக்காரர் எல்லாரும் அதற்குள் வந்துவிட்டார்கள். ஊரில் இருந்தவர்கள் அதே ஆட்கள், அவர்களைச் சுற்றிப் போட்ட கோடுதான் இடம் மாறியது.

பாலத்துக்கு இந்தப் பக்கம், நம் மலேசியாவில், இன்னொரு கதை. மலேசிய அரசியலமைப்பின் 160ஆவது பிரிவில் மலாய்க்காரர் என்றால் யார் என்று எழுதியிருக்கிறது. இஸ்லாத்தைப் பின்பற்ற வேண்டும், வழக்கமாக மலாய் பேச வேண்டும், மலாய் வழக்கங்களை அனுசரிக்க வேண்டும். பிறந்த இடம், பெற்றோர் பிறந்த இடம் பற்றியும் நிபந்தனை உண்டு. தோலின் நிறத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. மலாக்கா செட்டிகளை நினைத்துப்பார். சுல்தான்கள் காலத்தில் வந்து வேரூன்றிய தமிழ் வணிகர்களின் வாரிசுகள், வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது மலாய்ப் பெண்களின் கெபாயாச் சட்டை. ஆனால் கும்பிடுவது பிள்ளையாரை. அதனால் கோட்டுக்கு வெளியே. தமிழே பேசாத அவர்களைத் தமிழர் இல்லை என்று தள்ள நமக்கு மனம் வருமா? எனக்கு வராது.

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் இப்படிப்பட்ட வரையறையால் பிள்ளைகளின் படிப்பே பாதிக்கப்பட்டது. அரசியலமைப்பில் இருந்த பழைய வாசகப்படி, பட்டியலில் உள்ள பூர்வகுடிகளின் கலப்பாக மட்டுமே இருந்தால்தான் ஒருவர் பூர்வகுடி. இபான் என்கிற பூர்வகுடித் தாய்க்கும் சீனத் தகப்பனுக்கும் பிறந்து, பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் நீளவீட்டில் வளர்ந்து, இபான் மொழி பேசிய பிள்ளைக்கும் பூர்வகுடி என்ற உரிமை கிடைப்பது சிக்கலாக இருந்தது. பெற்றோரில் ஒருவர் பூர்வகுடியாக இருந்தாலே போதும் என்று 2022இல்தான் மாநிலச் சட்டத்தைத் திருத்தினார்கள். மக்களை இனவாரியாகப் பதிந்த தென்னாப்பிரிக்காவின் 1950ஆம் வருஷத்துச் சட்டத்தை இதோடு சேர்க்க எனக்கு விருப்பமில்லை, அது வேறு கொடுமை. தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து மனிதர்களைப் பிரித்தார்கள். ஒரே குடும்பத்தைக்கூட அந்தச் சட்டம் வேறு வேறு இனமாக்கியது. 1991இல்தான் அதை நீக்கினார்கள்.

உங்கள் சிங்கப்பூர் அரசியலமைப்பில் அதிபர் தேர்தலுக்காக எழுதிய ஒரு வாசகம் உண்டு. தன்னை மலாய் சமூகத்தவராகக் கருதுகிறவர், அந்தச் சமூகமும் பொதுவாக ஏற்றுக்கொள்கிறவர் மலாய் சமூகத்தவர். “மலாய் இனத்தவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும்” என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. 2017இல் ஹலிமா யாக்கோப் அதிபரானது இந்த வாசகத்தின்படிதான். அவருடைய தகப்பனார் இந்திய முஸ்லிம். மற்ற வரையறைகளைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதில் பாதி உன் பிள்ளை கையில் இருந்தால், மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது. பிள்ளை என்னதான் தன்னைத் தமிழ்ப்பிள்ளை என்று நினைத்தாலும், கல்யாண வீட்டில் நாலு பேர் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும்?

நம் பெரியம்மாவை எடுத்துக்கொள். அவர் சீனக் குழந்தை என்பது உனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் பெண் குழந்தையை வளர்க்க வழியில்லாத சீனக் குடும்பங்கள் தமிழ்க் குடும்பங்களிடம் கொடுத்துவிடுவது இந்த நாட்டில் சகஜம். அப்படி வந்தவர்களை இன்றும் பல ஊர்களில் பார்க்கலாம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் என் பாட்டிதான் அவரை வளர்த்தார். ஒரு தடவை கிளினிக்கில் மருந்து கொடுக்கிற பெண், பெயர் அட்டையையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு கான்டனீஸில் ஏதோ கேட்டாள். பெரியம்மா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, “ஏம்மா, சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா, அதச் சொல்லு” என்றார். பக்கத்தில் நான் நின்றேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவே இல்லை, நான்தான் மலாயில் கேட்டுச் சொன்னேன். எங்கள் லயத்தில் பெரியம்மாவை யாரும் சீனத்தி என்று ஒதுக்கியதில்லை. பிரசவத்துக்கும் சாவுக்கும் முதலில் கூப்பிட்டது அவரைத்தான். பெரிய மனசு என்று அதைச் சொல்ல மாட்டேன். நம் வீட்டுப் பெண், அவ்வளவுதான். அதே லயத்தில் வளர்ந்த உன் அத்தை இன்று இரத்தம், தகப்பன் வழி என்று பேசுவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அத்தையோடு நான் பேசிக்கொள்கிறேன். நீ இந்தச் சமயத்தில் எதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. பிறந்து 42 நாளைக்குள் பதிவு செய்தால் போதும், அவசரம் இல்லை. ஒன்று மட்டும் செய். சம்பந்தி அம்மா பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாமல், பிள்ளைக்குச் சீனப் பெயர் வைக்க ஆசையா என்று நீயே போய்க் கேள். நாம் தமிழ்ப் பெயர் வைப்போம், அவர்கள் சீனப் பெயர் வைக்கட்டும், இரண்டையும் சேர்த்தே பதியுங்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த பெயரை எனக்கு எப்படிச் சொல்வது என்று குரல் பதிவில் அனுப்பு. வருவதற்குள் பழகிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா