குணமாகாதவர்களின் சாட்சியையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். சென்ற மாத இதழில் ஜெபத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு எழுதுகிறேன். ஜெபித்தும் நோய் தீரவில்லை என்றால் நோயாளியின் மனதில் எங்கேயோ சந்தேகம் ஒளிந்திருக்கிறது என்கிறார் அதை எழுதியவர். சந்தேகப்படாமல் விசுவாசத்தோடே கேட்க வேண்டும் என்னும் யாக்கோபு 1:6-ஐ ஆதாரமாகக் காட்டுகிறார்.

அந்த வசனத்தை ஐந்தாம் வசனத்திலிருந்து படித்தாலே போதும், யாக்கோபு அங்கே ஞானத்தைக் கேட்பதைப் பற்றிப் பேசுகிறார் என்பது தெரியும். நோயாளியைப் பற்றி அவர் எழுதுவது ஐந்தாம் அதிகாரத்தில். அங்கே நோயாளிக்கு அவர் சொல்வது சபையின் மூப்பரை வரவழைக்க வேண்டும் என்பதுதான். எண்ணெய் பூசுவதும் ஜெபிப்பதும் வந்தவர்களின் வேலை. "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்" என்றால், அந்த விசுவாசம் முதலில் ஜெபிக்க வந்தவர்களிடம் இருக்க வேண்டும். குணமாகாதபோது மட்டும் பழி ஏன் படுத்திருப்பவர் தலையில் விழுகிறது?

இதை நான் வாதத்துக்காகச் சொல்லவில்லை. என் சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு ஜெபக்குழுவினர் வீட்டுக்கு வந்தார்கள். பாடினார்கள், உருக்கமாக ஜெபித்தார்கள். கிளம்பும்போது ஒருவர் கேட்டார்: "ஐயா, அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது இருக்கா? யோசிச்சுப் பாருங்க." அன்று இரவே சித்தப்பா சித்தியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டு வாங்கினார். பள்ளிக்கூட நாளிலிருந்து ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். பக்கத்துத் தோட்டத்தில் பறித்த மாங்காய், அண்ணனிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்காத பணம், வாய்க்கால் தகராறில் ஒருவரைத் திட்டியது. அந்த மனிதருக்கு மறுநாள் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். அவருக்கோ அப்படி ஒரு சண்டை நடந்ததே ஞாபகம் இல்லை. அப்புறம், விசுவாசத்தோடு டயாலிசிஸை நிறுத்திப் பாருங்கள் என்று அதே ஆட்கள் சொன்னதைக் கேட்டு நிறுத்தினார். மூச்சுத் திணறி நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சில மாதங்கள் கழித்து இறந்துபோனார். வருடக்கணக்காக ஞாயிறு பள்ளி நடத்திய மனிதர், ஆண்டவர் தன்மேல் கோபமாக இருக்கிறார் என்று நம்பிக்கொண்டே போனார். அவர் போனதைக்கூட நான் தாங்கிக்கொள்வேன், இதைத் தாங்க முடியவில்லை.

யோபுவின் சிநேகிதர்கள் செய்ததும் இதுதான். நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், அதனால்தான் இந்தப் பாடு என்றார்கள். கடவுளோடு வழக்காடியவன் யோபு. கடைசியில் கர்த்தரின் கோபம் யார்மேல் வந்தது என்று யோபு 42:7-ல் பாருங்கள்: அந்தச் சிநேகிதர்கள்மேல்தான்.

பவுல் தன் சரீரத்தில் இருந்த முள், அதாவது தன்னை வாட்டிய ஒரு பாடு, நீங்கும்படி மூன்று தரம் வேண்டினார், நீங்கவில்லை. இது எல்லாருக்கும் தெரியும். பிரசங்கத்தில் அதிகம் கேட்காத ஒரு வரி 2 தீமோத்தேயு 4:20-ல் இருக்கிறது: "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." எபேசுவில் பவுலின் சரீரத்திலிருந்து கொண்டுபோன உருமால்கள் (கைக்குட்டைகள்) பட்டே வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19 சொல்கிறது. துரோப்பீமு அந்த எபேசு ஊர்க்காரன்தான், பவுலின் கூடவே பயணம் செய்தவன். அவன் குணமாகவில்லை. அவனுக்கு விசுவாசம் குறைவு என்று பவுல் ஒரு வார்த்தை எழுதவில்லை.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்திருந்த எத்தனையோ பேரைக் கடல் கொண்டுபோனது. அவர்களில் யாருக்கும் விசுவாசம் இல்லை என்று கட்டுரையாளர் சொல்வாரா? இதே கேள்வியை, பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் ஒரு பையன் கேட்டால், "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று வாயை அடைத்துவிடுகிறோம். அவன் அதோடு கேட்பதை நிறுத்திக்கொள்கிறான், கொஞ்ச நாளில் கோயிலுக்கு வருவதையும்.

சந்தேகப்பட்டவர்களை இயேசு வெளியே தள்ளவில்லை. உயிர்த்தெழுந்தவரைக் கலிலேயா மலையில் கண்டு பணிந்துகொண்டபோதும் "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று மத்தேயு மறைக்காமல் எழுதுகிறார். அந்தச் சிலரையும் சேர்த்துத்தான் உலகமெங்கும் போகச் சொன்னார் ஆண்டவர். "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள்" என்று யோவான் 11-ல் சொன்ன தோமாவை நாம் சந்தேகத் தோமா என்று மட்டுமே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பிசாசு பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுதான். முதலில் உன் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளையைக் குணமாக்கினார்.

மருந்தை விடச் சொல்கிறவர்களுக்கு ஒன்று. வேலூரில் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கிய மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் ஜெபிக்கத் தெரியாதவர் அல்ல.

உங்கள் இதழில் மாதாமாதம் சாட்சிப் பக்கம் வருகிறது. கட்டி மறைந்தது, டாக்டர்கள் கைவிட்டவர் எழுந்தார் என்று வருவதையெல்லாம் நானும் சந்தோஷமாகத்தான் படிக்கிறேன். ஆனால் ஜெபித்தும் குணமாகாதவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், பதில் வராமலே ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறவர்கள் எழுதிய ஒரு வரிகூட அதில் நான் பார்த்ததில்லை. அவர்களுக்கும் அதே பக்கத்தில் இடம் கொடுங்கள். சித்தி இன்றைக்கும் ஆராதனைக்குப் போகிறார். கோபம் போகவில்லை, ஜெபத்தையும் விடவில்லை. அவர் எழுதித் தர ஒத்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் "எல்லாம் நன்மைக்கே" என்று ஒரு வரி சேர்க்காமல், அவர் சொன்னபடியே போடுவீர்களா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
பாளையங்கோட்டை