பழைய காருக்கு விலக்கு வேண்டாம்

ஆசிரியருக்கு,

பழைய கார்களுக்குப் புகைப் பரிசோதனையில் விலக்கு வேண்டும் என்கிறார்கள் சிலர். என்னிடம் இருப்பதும் 1988ஆம் ஆண்டு நிசான் சன்னிதான். எனக்கு அந்த விலக்கு வேண்டாம்.

வாகனம் ஓட வருடாவருடம் எடுக்கவேண்டிய வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைச் சான்றிதழ் கட்டாயம். போன மாதம் புகையில் காபன் மொனொக்சைட்டு என்ற நச்சுவாயு கூடி, என் கார் முதல் தடவை சோதனையில் தவறிவிட்டது. கராஜில் எயார் பில்டரைக் கழற்றினால், அடுப்படிக் கரித்துணி மாதிரி இருந்தது. அதை மாற்றி, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரையும் சரிசெய்தோம். அப்புறம் தேறிவிட்டது, பெற்றோலும் மிச்சம்.

ஆனால் கல்லடிப் பாலத்தில் டீசல் வாகனங்கள் கக்கும் கரும்புகையில், சைக்கிளில் போகும் பிள்ளைகள் ஒரு கையால் மூக்கைப் பொத்துகிறார்கள். வருடத்துக்கு ஒருநாள் சோதனை போதாது. வீதியிலேயே மறித்துச் சோதியுங்கள்.

வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு