மூன்று சுரம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் உனக்கு ஸ்டுடியோவிலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது. நான் சொல்ல வந்தது நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

போன மாதம் பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில், பையன் லண்டனில் என்ன செய்கிறான் என்று கேட்டார்கள். ரெக்கார்ட் ப்ரொட்யூசர் வேலை என்றேன். "அவ்வளவு பணம் ஏது அவனுக்கு?" என்றார் ஒருவர். அவர் மேல் தப்பில்லை. நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். பாட்டு என்றால் இசையமைப்பாளர், பாடகர், வாத்தியக்காரர்கள். இவர்களுக்கு நடுவில் நீ எங்கே நிற்கிறாய் என்று அவருக்கு விளக்க எனக்கு வார்த்தை வரவில்லை. முப்பது வருஷம் வயலின் சொல்லிக்கொடுத்தவள், பெற்ற பிள்ளை நாள் முழுக்க என்ன செய்கிறான் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

நீ விட்டுப்போன ஹெட்போனை எடுத்தேன். எப்போதோ எழுதிக்கொடுத்த பட்டியலில் முதலில் இருந்த பெயரிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். டி. ரெக்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழு. பக்கத்தில் சின்ன எழுத்தில் 'டோனி விஸ்கான்டியைக் கவனி' என்று எழுதியிருந்தாய். உன்னைப் போல அவர் அந்தக் குழுவின் ரெக்கார்ட் ப்ரொட்யூசர். பாடுகிறவர் மார்க் போலன், கிட்டாரும் அவர்தான். அப்படியிருக்க இன்னொருவரை எங்கே போய்க் கவனிப்பது என்று முதல் நாள் புரியவே இல்லை.

1968 பாட்டுகளையும் 1971 பாட்டுகளையும் மாற்றி மாற்றிக் கேட்டபோதுதான் பிடிபட்டது. குரல் அதே நடுங்குகிற குரல். பாட்டு கட்டுகிற விதத்திலும் பெரிய மாற்றம் இல்லை. 1967-ல் லண்டன் யூஎஃப்ஓ கிளப்பில் விஸ்கான்டி முதன்முதலில் பார்த்தபோது, போலன் தரை விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாராம். ஒரு சாதாரண கிட்டார், பக்கத்தில் பாங்கோ வாசிக்க ஒருவர், அவ்வளவுதான். விஸ்கான்டியும் நியூயார்க் புரூக்ளினிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய 23 வயதுப் பையன். அந்தச் சின்னக் குழுவைத் தேடிப்போய்ச் சேர்த்துக்கொண்டார். நான்கு வருஷத்தில் அதே குரல் இங்கிலாந்து முழுக்க ரேடியோவில்.

நடுவில் நடந்தது என்ன? 1970-ல் வந்த 'ரைட் எ ஒயிட் ஸ்வான்' கேட்டுப் பார்த்தேன். கிட்டார் மின்சாரக் கிட்டார் ஆகியிருக்கிறது. டிரம்ஸ் இல்லை, கைத்தட்டலும் டாம்பரினும்தான். அடியில் மெல்லிசாக வயலின். குரலுக்குப் பின்னால் ஒரு சின்ன எதிரொலி. அது கோயில் மண்டபத்து எதிரொலி மாதிரி நீளாமல், ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு அடங்குகிறது. ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் ரெக்கார்டுகளில் இருந்த வித்தை என்று படித்தேன். டேப் மெஷினில் ஒலி பதிகிற இடத்துக்கும் அதைத் திரும்பப் படிக்கிற இடத்துக்கும் நடுவே இரண்டு அங்குலம் இருந்து, டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடினால், குரல் நொடியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு தாமதமாகத் திரும்பி வரும். உனக்கு அத்துப்படியான விஷயம். நான் புரிந்துகொண்டது சரியா என்று மட்டும் சொல். அந்த ஒரு தட்டில், அறைக்குள் பாடிய ஆள் தெருவுக்கு வந்துவிடுகிறார். இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் பாட்டு இரண்டாம் இடம் வரை போனது. அடுத்து வந்த 'ஹாட் லவ்' ஆறு வாரம் முதலிடத்தில். அந்தப் பாட்டுக்குத்தான் போலன் கண்ணுக்குக் கீழே மினுமினுப்புப் பூசிக்கொண்டு டிவியில் வந்தார், பளபளக்கிற உடையும் ஒப்பனையுமாகப் பாடுகிற கிளாம் ராக் அங்கே பிறந்தது என்கிறார்கள். எல்லோரும் அந்த மினுமினுப்பைப் பற்றியே எழுதுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அது மினுமினுக்கிறதே, அதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

'கெட் இட் ஆன்' பாட்டுக்கு வருகிறேன். 1971. சோஹோவில் ட்ரைடென்ட் ஸ்டுடியோ. விஸ்கான்டி இசைக்குறிப்பு எழுதத் தெரிந்தவர், வயலின் பகுதிகளை அவரே எழுதுவார். வேறு பாட்டுகளுக்காக வயலின்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முந்தின இரண்டு வெற்றிப் பாட்டிலும் வயலின் இருந்ததே, இதற்கு இல்லையா என்று கேள்வி வருகிறது. அவர் அங்கேயே மூன்று சுரம் கொடுத்தார். மேற்கத்தியப் பெயரில் ஜி, ஏ, ஈ. பல்லவியில் கிட்டார் எங்கெங்கே மாறுகிறதோ அங்கங்கே வயலினும் அதையே நீளமாகப் பிடிக்கிறது. ஈ-யை ஸட்ஜமாக வைத்து நம் வயலினில் வாசித்துப் பார்த்தேன். சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், ஸட்ஜம். க, ம, ஸ. கமகம் கிடையாது, பிருகா கிடையாது. எட்டு வயதுப் பிள்ளை வாசித்துவிடும்.

அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் தம்பி. என்னிடம் அந்த இடத்தைக் கொடுத்திருந்தால் நான் நிரப்பியிருப்பேன். வில் கையில் இருக்கிறதே, எப்படிச் சும்மா இருப்பது? அவர் மூன்று சுரத்தோடு நிறுத்தியதால்தான், பல்லவி வரும்போது அந்தச் சின்னக் குழு திடீரென்று இரண்டு மடங்கு பெரிதாகக் கேட்கிறது. வயலின் இருப்பதே பலர் காதில் விழுந்திருக்காது.

பியானோவும் அப்படித்தான். வாடகைக்குக் காசில்லாமல் இருந்த ரிக் வேக்மேன் வந்து, கட்டைகளின் மேல் விரலைச் சர்ரென்று இழுத்துவிட்டு 9 பவுண்டு வாங்கிக்கொண்டு போனதாக அவரே சொல்லியிருக்கிறார். பாட்டு நான்கு வாரம் முதலிடம்.

கிளாம் ராக் முழுவதும் விஸ்கான்டி கைவேலை என்று சொல்ல மாட்டேன். ஸ்லேட் என்ற குழுவுக்கு சாஸ் சாண்ட்லர் ப்ரொட்யூசராக இருந்தார். பாடகர் டேவிட் போவியின் 'ஸிக்கி' வேஷக் காலத்து ஆல்பங்களுக்கு கென் ஸ்காட். ஆனால் அவற்றில் வயலின் பகுதிகளை எழுதிய போவியின் கிட்டார்காரர் மிக் ரான்சன், அதற்கு முன் விஸ்கான்டியோடு ஒரே வீட்டில் இருந்து ஒரே ஆல்பத்தில் வேலை செய்தவர். பக்கத்தில் இருந்து பார்த்தால் கை தானாகப் படியும், என் பிள்ளைகளிடம் நான் பார்க்காததா.

போவியைப் பற்றி இன்னொன்று. நீ ஒரு பாட்டை வேண்டாம் என்று விட்டு, அதை வேறொருவர் செய்து நன்றாகப் போய்விட்டது என்று அன்றைக்கு அவ்வளவு வருத்தப்பட்டாய். 1969-ல் 'ஸ்பேஸ் ஆடிட்டி' பாட்டை விஸ்கான்டி தனக்குப் பிடிக்கவில்லை என்று கஸ் டட்ஜனிடம் விட்டுவிட்டார். போவிக்கு முதல் பெரிய வெற்றி அதுதான். ஆனாலும் அந்த ஆல்பத்தின் மற்ற பாட்டுகளை விஸ்கான்டிதான் செய்தார். 1977-ல் பெர்லினில் சுவருக்குப் பக்கத்து ஸ்டுடியோவிலும் அவர் இருந்தார். 2016 ஜனவரியில், போவி இறப்பதற்கு இரண்டு நாள் முன் வெளிவந்த கடைசி ஆல்பத்திலும் அவர்தான். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று நீ சொன்னதில் எனக்குக் குறையே தெரியவில்லை.

போலனோடு அப்படி நீடிக்கவில்லை. 1974-க்குப் பிறகு பிரிந்துவிட்டார்கள். 1977 செப்டம்பரில் கார் விபத்தில் போலன் இறந்தபோது முப்பது வயது ஆக இரண்டு வாரம் இருந்தது. அதைப் படித்த அன்று அவர் பாட்டு எதையும் போட மனம் வரவில்லை.

நீ வயலினை நிறுத்தியபோது நான் பத்து நாள் உன்னோடு சரியாகப் பேசவில்லை. உனக்கு அது ஞாபகம் இருக்கும். வாத்தியத்தை விட்டால் சங்கீதத்தையே விட்டதாக நினைத்துவிட்டேன். அது தப்பு, கண்ணா. சின்ன வயதில் நீ வாசித்த முக்கால் அளவு வயலின் பெட்டியிலேயே இருக்கிறது. போன வாரம் தந்தி மாற்றி, ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்து அந்த க, ம, ஸ-வை வாசிக்கச் சொன்னேன். அவள் வாசிக்க, நான் பாட்டைச் சேர்த்துப் போட்டேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இப்போது நீ செய்துகொண்டிருக்கிற பாட்டு ஏதாவது ஒன்று அனுப்பு. இன்னும் முடிக்காததாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் எதையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டாய் என்றும் கூடவே எழுது.

அன்புடன்,
அம்மா