சாவியை யாரிடம் கொடுப்பது?

பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமத்து எழுத்தறிவு மையம் ஒன்றில் மாலையில் பாடம் நடத்தும் தன்னார்வலர் நான். என்னிடம் படிப்பவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்த பெண்கள். நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்பி, உலை இறக்கிவிட்டு வருகிறவர்கள்.

அவர்களில் ஒரு பாட்டி இரண்டு வாரம் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "எனக்கு மண்டையில் ஏறாது தாயி" என்றார். ஒருநாள் பக்கத்தில் இருந்தவரின் கண்ணாடியை வாங்கி மாட்டினார். கடகடவென்று எழுத்துக்கூட்டினார். வயதானால் கிட்டத்து எழுத்து மங்கும் வெள்ளெழுத்து, அவ்வளவுதான்! இப்படி எத்தனை பேரைப் படிப்பு வராதவர் என்று ஒதுக்கியிருப்போம் என்று நினைத்து அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்குமானது. இருபது வயதுக்காரருக்கும் எழுபது வயதுக்காரருக்கும் அதே 150 மதிப்பெண் தேர்வு. தேர்வை நான் குறை சொல்லவில்லை. கேரளத்தின் கார்த்தியாயினி அம்மா 2018இல், 96 வயதில், அம்மாநில எழுத்தறிவுத் தேர்வில் 100க்கு 98 வாங்கியவர். தேர்வுக்குப் பிறகு என்ன என்பதுதான் என் கவலை.

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுத்தந்தது. அன்று முப்பது வயதில் மிதித்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார்கள். பழகிய சைக்கிள் மறப்பதில்லை. வாசிக்க ஒன்றும் இல்லாத வீட்டில் எழுத்து மறந்துபோகிறது. கையெழுத்து மட்டும் மிஞ்சுகிறது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். இந்தப் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே கேட்கிறேன்: முதியோருக்கான மையங்களை நிரந்தரமாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் சம்பளத்துடன், பயிற்சி பெற்ற பொறுப்பாளர் ஒருவரை நியமியுங்கள். முழங்கால் மடக்க முடியாதவருக்கு நாற்காலி போடவும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசிக் கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யவும், இரண்டு நாள் வராதவரை வீடு தேடிப் போய் விசாரிக்கவும் ஓர் ஆள் வேண்டும். இதைத் தன்னார்வலரின் தலையில் கட்டினால் நிலைக்காது. வேலை கிடைத்தால், திருமணமானால் நாங்கள் ஊரைவிட்டுப் போய்விடுவோம்.

தேர்வு முடிந்த மறுநாளும் ஏழு பேர் பலகையோடு, மையம் நடக்கும் பள்ளிக்கூடத்தின் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கதவைத் திறந்தேன். இன்றுவரை திறந்துகொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் நான் வெளியூரில் வேலைக்குச் சேர வேண்டும். இந்தச் சாவியை யாரிடம் கொடுக்கட்டும்?

இப்படிக்கு,
ஒரு தன்னார்வலர்